சோஹார் கேம்ப் இலந்தையும் எங்கள் அண்ணனும்

சென்ற ஆண்டு எங்கள் அண்ணன் அவர்களின் கருமாதிக்கு வந்திருந்தோர்: அம்மா, மதினி, அண்ணன் மகள் வள்ளி, அக்கா, அத்தான், தாய்மாமன்கள் இருவர், பங்காளி வீட்டார் அனைவரும், எனக்கு அரிச்சுவடி கற்பித்த ஆசிரியர், அண்ணன் கம்பி வளைக்கக் கற்ற பரமக்குடி மேஸ்திரி. வராதவர்கள் நான்கு பேர். செல்லத்துரை, கலியபெருமாள், முனியாண்டி, வேலு. இந்த நால்வரும் எங்களுக்கு உறவு இல்லை, ஒரே மாவட்டத்தவரும் இல்லை. ஓமான் நாட்டின் சோஹாரில், சாலை போடும் கம்பெனியின் லேபர் கேம்பில், நான்காம் ரூமில் அண்ணனோடு தங்கியிருந்தவர்கள். அவர்களுக்குக் கம்பெனி லீவு கொடுக்கவில்லை.

நியாயமாகப் பார்த்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியவர்கள் அந்த நால்வரே. அவர்களுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும் என்பதால் நான் எழுதுகிறேன். இதை நான் பெருந்தன்மையாகச் சொல்லவில்லை, பொறாமையோடு சொல்கிறேன். எங்கள் அண்ணன் எங்களுக்கு உரியவரா, அவர்களுக்கு உரியவரா என்ற வழக்கு என் மனத்தில் இன்னும் தீரவில்லை. நினைவு மலரில் இப்படியெல்லாம் எழுதலாமா என்று அத்தான் கேட்டார். பொய் எழுதுவதற்காக அண்ணன் என்னைப் படிக்க வைக்கவில்லை என்று சொன்னேன். அவரும் சரி என்றார்.

அண்ணன் அவர்கள் பரமக்குடிக்குத் தெற்கே, கண்மாய் பெருகினால் மட்டும் விளையும் ஊரில் பிறந்தார். கிணறு வெட்டும்போது மண் சரிந்து அப்பா இறந்தபோது அண்ணனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. அப்பா விட்டுப்போன கடப்பாரையை எடுத்துக்கொண்டு அதே கிணற்றுக்கு மறுவாரமே இறங்கினார். அம்மா குறுக்கே படுத்துத் தடுத்தாள். "நான் இறங்கலைன்னா தம்பியில்ல இறங்கணும்" என்றாராம். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். கல்லூரிக்கும் போனேன். பரமக்குடியில் கட்டட வேலை, பிறகு மதுரையில் கம்பி கட்டும் வேலை, அக்காவின் கல்யாணம், தன் கல்யாணம், எல்லாவற்றுக்கும் நடுவில் என் பரீட்சைப் பணம் ஒரு தடவைகூடத் தாமதமாக வந்ததில்லை. எழுபத்து மூன்றில் பம்பாய் ஏஜெண்டு மூலம் ஓமானுக்குப் போனார். அந்த நாடு அப்போதுதான் சாலை போட ஆரம்பித்திருந்தது.

அதற்குப் பிறகு அண்ணன் எங்களுக்கு விருந்தாளி ஆகிவிட்டார். இரண்டு வருடத்துக்கு ஒரு மாத லீவு. அந்த மாதத்திலும் பாதி நாள் ஊரார் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். மதினி காபி போட்டுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். அண்ணன் மகளோ அப்பாவைக் கண்டால் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும். சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்து, எல்லாரையும் நலம் விசாரித்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். அவர் இயல்பே அப்படித்தான், அதிகம் பேசாத மனிதர் என்று நாங்கள் நம்பியிருந்தோம்.

நான் பி.ஏ. முடித்ததும் அண்ணன் தன் கம்பெனியிலேயே எனக்கு டைம் கீப்பர் வேலைக்கு விசா வாங்கி அனுப்பினார். அண்ணனோடு இருக்கப் போகிறோம் என்ற சந்தோஷத்தில் நான் பம்பாய் வரை ரயிலில் தூங்கவே இல்லை. சோஹாரில் இறங்கியபோது தெரிந்தது, டைம் கீப்பர் ஸ்டாப்பை, அதாவது ஆபீஸ் ஆட்களைச் சேர்ந்தவன் என்று. ஸ்டாப்புக்கு வேறு குவார்ட்டர்ஸ், வேறு மெஸ். லேபர் கேம்புக்கும் அதற்கும் நடுவே கம்பிவேலி. முதல் நாள் மாலை நான் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்காம் ரூமுக்குப் போனேன். அண்ணன் வாசலிலேயே நிறுத்தினார்.

"இங்க எதுக்குப் பெட்டி? உங்க ரூம் அங்கிட்டு இருக்கு."

"உங்ககூட இருந்துக்கிறேன்ணே."

"அப்பிடி இருக்கக் கூடாது. ஸ்டாப்புன்னா ஸ்டாப்பா இருக்கணும். அதுக்குத்தானே இம்புட்டும்."

என்னை அவர் 'உங்க' என்றதைக் கவனித்தீர்களா? ஊரில் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. மறுநாள் சைட்டில், காலை வருகைப் பதிவின்போது, ஐம்பது பேருக்கு நடுவில் என் அண்ணன் என்னை 'சார்' என்று கூப்பிட்டார். கேலிக்காக அல்ல, பெருமைக்காக. பக்கத்தில் நின்ற செல்லத்துரையின் விலாவில் இடித்து, "டேய், சாருக்கு வணக்கம் சொல்லுடா" என்றார்.

செல்லத்துரைக்கு 'டேய்.' எனக்கு 'சார்.'

அந்த ரூமில் அண்ணன் வேறு ஆள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றாலே அவர் குரல் கேட்கும். சீட்டாட்டத்தில் கலியபெருமாளைத் திருடன் என்பார். முனியாண்டியின் குறட்டையைப் போலக் குறட்டை விட்டுக் காட்டுவார். காய்ச்சல் வந்தபோது வேலுவைக் கெட்ட வார்த்தையில் திட்டித் திட்டிக் கஞ்சி குடிக்க வைத்தார். என்னை என் அண்ணன் திட்டியதே இல்லை. நான் போனால் ஐந்து பேரும் எழுந்து நிற்பார்கள், பேச்சு நின்றுவிடும். கட்டிலைத் தட்டி உட்காரச் சொல்வார்கள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்துவிடுவேன். வேலியைத் தாண்டும்போதே முதுகுக்குப் பின்னால் சிரிப்பு மறுபடி ஆரம்பித்துவிடும்.

இனி இலந்தை மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேம்ப் முற்றத்தில், ஆடு கடித்துக் கடித்து ஆள் உயரத்துக்கு மேல் வளராத ஓர் இலந்தை, அண்ணன் போன காலத்திலிருந்து நின்றது. அந்த ஊரார் அதை நபக் என்பார்கள். குளிக்கும் தண்ணீர் மணலில் சும்மா ஓடி வீணாவதைப் பார்த்த அண்ணன், ஒரு வெள்ளிக்கிழமை அதை வாய்க்கால் வெட்டி மரத்துக்குத் திருப்பினார். வளைந்து வீணான கம்பிகளை வைத்துச் சுற்றிலும் அடைப்பு கட்டினார். கேம்பில் நூறு பேருக்கு மேல் குளிக்கும் தண்ணீர் அல்லவா? ஆடும் வாய் வைக்கவில்லை. இரண்டே வருடத்தில் மரம் ரூம் கூரையைத் தொட்டது. நான் போய்ச் சேர்ந்த அந்தக் குளிர்காலத்தில் காய்த்தது பாருங்கள், கிளை தரையில் கிடந்தது.

முதலில் எல்லாரும் பறித்துத் தின்றார்கள். மூன்றாம் நாளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கக்கூஸ் வாசலில் வரிசை நின்றது. பட்டாணிய டிரைவர்கள் தலைத்துணியை அவிழ்த்து மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனார்கள். கடற்கரை மீனவர்களிடம் ஒரு சட்டி இலந்தைக்கு ஒரு சட்டி மத்தி வாங்கி வந்தார் வேலு. மெஸ் சமையல்காரர் புளிக்குப் பதிலாக அதைப் போட்டுக் குழம்பு வைத்தார். நன்றாகவே இருந்தது என்று கேள்வி. எங்கள் ஸ்டாப் மெஸ்ஸுக்கு அது வரவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் மரத்தில் குறைந்ததாகத் தெரியவில்லை. பழம் கீழே விழுந்து புளித்து, முற்றம் முழுக்கக் குளவி. ராத்திரி டூட்டி வாட்ச்மேனின் கன்னத்தில் ஒன்று கொட்டி அவர் முகம் பூசணிக்காய் ஆனது.

கேம்ப் பாஸ் பம்பாய்க்காரர். வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை கன்சல்டன்ட் கம்பெனியிலிருந்து பெரிய இன்ஜினியர் கேம்பைப் பார்வையிட வருகிறார் என்றார்.

"ஜல்தி சாஃப் கரோ பாய். நஹி தோ பேட் கலாஸ்."

சீக்கிரம் சுத்தம் செய்யாவிட்டால் மரம் இருக்காது என்பது அதன் பொருள். கலாஸ் என்றால் எல்லாருக்கும் புரியும்.

அண்ணன் அன்று சாப்பிடவில்லை என்று முனியாண்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மறுநாள் மாலை வேலிப் பக்கமாகப் போனபோது நான்காம் ரூம் வாசலில் ஒரே சத்தம்.

"வடை தட்டிருவோம்டா" என்றார் அண்ணன். "எங்க வீட்டுல தட்டுற மாதிரி. உப்பு, வத்தல், காயம், துளி வெல்லம். கொட்டையோட இடிச்சுத் தட்டிக் காய வச்சா ஆறு மாசம் கெடாது."

"துளி வெல்லம் என்னங்கண்ணே கணக்கு? நல்லா அள்ளிப் போடணும்" என்றார் தஞ்சாவூர்க்காரரான கலியபெருமாள்.

"ஒங்க ஊர்ல சாம்பாருக்கே வெல்லம் போடுவியளே. வத்தலக் கூட்டிப் போடுங்க அண்ணாச்சி. சும்மா சுர்ருன்னு ஏறணும்லா" என்றார் திருநெல்வேலித் தச்சரான செல்லத்துரை.

"எவனும் வாயத் தொறக்கக் கூடாது. எங்க வீட்டுல எப்பிடிச் செய்யுமோ அப்பிடித்தான்" என்று அண்ணன் முடித்துவிட்டார்.

அடுத்த தோட்டத்து ஓமானி வீட்டில் கோதுமை குத்தும் பெரிய மர உரல் இருந்தது. அண்ணன் போய்க் கையால் குத்திக் காட்டிக் கேட்டு வாங்கி வந்தார். டூட்டி முடிந்து வந்ததும் ஐந்து பேரும் முறை வைத்து இடித்தார்கள். நானும் போனேன். உலக்கையை எடுத்தேன். இரண்டு குத்துக் குத்தியிருப்பேன். அண்ணன் வந்து அதை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"கை காச்சுப் போகும் சார். அப்பறம் பேனா பிடிக்க முடியாது."

நான் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து அவர்கள் இடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அண்ணன் பாட்டுப் பாடுவார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மற்ற நால்வருக்கும் அந்தப் பாட்டு மனப்பாடம்.

தட்டிய வடையைக் காய வைக்க இடம் வேண்டுமே. செல்லத்துரை சைட்டிலிருந்து சென்ட்ரிங் பலகைகளைக் கொண்டு வந்தார். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, முற்றத்தில் வரிசையாகப் போட்டார்கள். அந்தப் பலகையில் கான்கிரீட் ஒட்டாமலிருக்கத் தினமும் ஓர் எண்ணெய் பூசுவார்கள். பூசுகிறவரே செல்லத்துரைதான். பலகை நிறைய வடை காய்ந்தது. முற்றம் சுத்தமாகிக்கொண்டு வந்தது. குளவியும் குறைந்தது.

வெள்ளிக்கிழமை அண்ணன் ஒரு தட்டில் நாலு வடையை எடுத்துக்கொண்டு, வேலியைத் தாண்டி என் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். அவர் அங்கே வந்தது அந்த ஒரே தடவைதான். புதுச் சட்டை போட்டிருந்தார்.

"சாப்பிட்டுப் பாருங்க."

வாயில் வைக்கும் முன்பே தெரிந்துவிட்டது. மண்ணெண்ணெயும் இல்லாமல், டீசலும் இல்லாமல், அந்தப் பலகை எண்ணெயின் வாடை.

"அண்ணே, எண்ணெய் வாடை அடிக்குது."

"எந்த எண்ணெய்?"

"பலகை எண்ணெய்."

அவர் ஒரு வடையை எடுத்து மோந்து பார்த்தார். பிட்டுத் தின்றார். மறுபடி மோந்தார். "ஒண்ணும் தெரியலையே" என்றார். என்னை அழைத்துக்கொண்டு நான்காம் ரூமுக்கு வந்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். நால்வரும் மோந்தார்கள், தின்றார்கள்.

"நல்லாத்தானே இருக்கு?" என்றார் முனியாண்டி.

"ஏ, டைம் கீப்பருக்கு ஆபீஸ் மூக்குல்லா. ஃபேன் காத்துல வளந்த மூக்கு" என்றார் செல்லத்துரை. எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். பிறகு ஒரு வடையை அடுத்த தோட்டத்து ஓமானியின் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார். அந்தப் பிள்ளைகள் துப்பிவிட்டு ஓடின.

அண்ணன் திரும்பி வந்து, "தம்பி சொன்னது சரி. கொட்டுங்கடா எல்லாத்தையும்" என்றார். அத்தனை நாள் இடித்தது குழிக்குப் போனது. செல்லத்துரை பலகையைத் தூக்கி மூக்கில் வைத்து மோந்துகொண்டே இருந்தார். "எனக்கு ஒண்ணுமே தெரியலையே அண்ணாச்சி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தினமும் அந்த எண்ணெயிலேயே கிடக்கிறவர்கள். அவர்கள் சட்டையில், சோற்றில், தலையணையில் அது இருந்தது. ஐந்து பேருக்கும் அது தெரியாமல் போய் வெகுநாள் ஆகியிருந்தது.

என்னைப் பார்த்து அண்ணன், "உங்களுக்கு வாடை தெரிஞ்சதே, அது போதும்" என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்த வாடை தெரியாத நால்வரும் அவரும் ஒரு பக்கம், அது தெரிந்த நான் ஒரு பக்கம். எனக்கு அந்த நால்வரின் மூக்கைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. இதைப் படிப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வரவில்லை.

இரண்டாம் தடவை கம்பெனி கொடுத்த பெட்ஷீட்டுகளைக் கூரைத் தகரத்தின் மேல் விரித்துக் காய வைத்தார்கள். பெட்ஷீட் இல்லாமல் ஐந்து பேரும் அந்தக் குளிரில் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்தார்கள். வடை நன்றாக வந்தது. இன்ஜினியர் வந்தபோது முற்றத்தில் ஒரு பழம் கிடையாது. அவர் மரத்து நிழலில் நின்று தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். கேம்ப் பாஸ் மரத்தைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

வடை முழுவதையும் அண்ணன் பங்கு வைத்தார். ஒவ்வொரு ரூமுக்கும், வாட்ச்மேனுக்கு இரட்டைப் பங்கு, ஓமானி வீட்டுக்கு உரலோடு ஒரு தூக்குச் சட்டி. ஊருக்கு ஒரு டப்பா எடுத்து வைக்கலாமே, ஆடியில் லீவு வருகிறதே என்றேன்.

"ஊர்ல இல்லாத இலந்தையா? அங்க வேலியெல்லாம் காய்க்குது. இங்க இருக்கிறவனுக்குத்தான் அது கிடைக்காது" என்றார்.

அண்ணன் மரம் வளர்த்தார், காய்த்தது, பெருகியது, நூறு பேர் தின்றார்கள். எங்கள் வீட்டுக்கு ஒரு வடை வரவில்லை.

ஆடி லீவும் வரவில்லை. வெயில் கடுமையான ஒருநாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். நான் ஆபீஸிலிருந்து ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அவர் தலை கலியபெருமாளின் மடியில் இருந்தது. நான் உட்கார இடம் விட்டார்கள். விட்டபோது நேரம் கடந்திருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை. நானே அண்ணனை ஊருக்குக் கொண்டு வந்தேன். அம்மா என்னைத் திரும்பிப் போக விடவில்லை.

கருமாதி முடிந்த பிறகு மதினியிடம் கேம்ப் வாழ்க்கையைப் பற்றி நான் அதிகம் சொல்லவில்லை. அவருக்கு அது வலிக்கும் என்று நினைத்தேன். இந்த வைகாசியில் கலியபெருமாள் லீவில் வந்தார். தஞ்சாவூரிலிருந்து பஸ் மாறி மாறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் ஒரு பால் மாவு டப்பா. அம்மாவின் காலில் விழுந்தார். மதினியை 'அண்ணி' என்றார்.

"இந்த வருசமும் மரம் தாங்காம காச்சுதுங்க அண்ணி. அண்ணன் செஞ்ச மாதிரியே செஞ்சோம். சாப்பிட்டுப் பாருங்க."

மதினி டப்பாவைத் திறந்து பார்த்தார். "இலந்த வடையா? அங்க யாரு இதச் சொல்லிக் குடுத்தா?"

"அண்ணன்தாங்க."

"அவுகளா? ஒரு நாளு அடுப்படிப் பக்கம் வந்ததில்லையே. தண்ணி வேணும்னாக்கூட வாசல்ல நின்னு கேப்பாக. அங்க வடை தட்டுனாகளாக்கும்?" மதினியின் குரலில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. நான் ஒருவன்தான் என்று இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எங்கள ஒண்ணும் மாத்த விடமாட்டாருங்க. வெல்லம் கேட்டா அடிக்க வருவாரு. 'எங்க வீட்டுல உள்ளங்கையில வச்சு மூணு தட்டுத் தட்டி ஓரத்த விரலால ஒதுக்கும், அப்படித் தட்டுங்கடா'ன்னு கையப் புடிச்சுக் காட்டுவாரு."

மதினி ஒரு வடையை எடுத்து அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "அப்ப எங்கையப் பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்காக" என்றார். பிறகு கொஞ்சம் கடித்து, "உப்புக் கூடிப் போச்சு. நான் இம்புட்டுப் போடமாட்டேன்" என்றார்.

"அது செல்லத்துரை வேலைங்க."

புறப்படும்போது கலியபெருமாள் இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு கவரை எடுத்து என்னிடம் நீட்டினார். மீதி வடையைச் சோஹார் கடைத்தெருவிலும் மற்ற கேம்புகளிலும் விற்றார்களாம். அண்ணனுக்கு நினைவு மலர் போடப் போவதாக நான் எழுதியிருந்ததை யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள்.

"அச்சுக்கூலி எங்களோடதா இருக்கட்டும் தம்பி."

"வேண்டாங்க. அது நான் போட வேண்டியது. கூடப்பிறந்தவன் நான்தானே?"

"இல்லைன்னு யாரு சொன்னா? கூடப்பிறந்தவங்க எழுதுங்க. எங்களுக்கு எழுதவா வரும்?"

அவர் கை நீட்டியபடியே இருந்தது. அண்ணனுக்காக எனக்கென்று மிச்சம் இருந்தது இந்த மலர் ஒன்றுதான். இதையும் கேட்கிறார்களே என்று எனக்குத் தோன்றியது. ஊர் திரும்பிய பிறகு பரமக்குடியில் கணக்கு எழுதிச் சேர்த்த பணம் பெட்டியில் இருந்தது. மதினி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்கிக்கங்க தம்பி. நமக்கு மட்டுமா செத்தாக" என்றார்.

வாங்கிக்கொண்டேன்.

அண்ணன் அவர்களின் இறுதிச் சடங்கில் உடனிருந்த உறவினர்க்கும், பந்தலும் பாத்திரமும் தந்த பங்காளி வீட்டார்க்கும், பிழை திருத்திக் கொடுத்த ஆசிரியர் அவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அடுத்த தோட்டத்து ஓமானிக்கும் நன்றி. அவர் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. நான்காம் ரூமின் நால்வருக்கு என்ன சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஒரு குளிர்காலம் முழுவதும் வெள்ளிக்கிழமை ஓய்வை விட்டு உரலில் இடித்திருக்கிறார்கள். இந்த மலர் முந்நூறு பிரதிகள், அண்ணன் படத்துக்கு பிளாக், அச்சு, காகிதம், தையல் கூலி எல்லாம் சேர்த்து அவர்களுக்கு ஆன செலவு எழுநூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.